பேஜ் ஃபைலை அணைத்ததால் நான் இழந்தது

தை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு ஆல்பம் வேலை குவியும். புதுக்கோட்டையில் வீட்டு முன்னறையில் ஒரே கணினியை வைத்துக்கொண்டு ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறவன் நான். போன வருடம் அந்த நெருக்கடியில் ஒரே வாரத்தில் நான்கு முறை போட்டோஷாப் பாதி வேலையில் மூடிக்கொண்டது. என்னுடையது பழைய பதிப்பு, தானாகச் சேமிக்காது. நான்காவது முறை போனது தாலி கட்டும் பக்கம். இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்து மூன்று மணி வரை செய்த வேலை. ஆல்பம் இரண்டு நாள் தாமதமானதால் ஸ்டுடியோக்காரர் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு நான் மாற்றிய ஓர் அமைப்புதான் காரணம். எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்த கடைப் பையன், "அண்ணே, வர்ச்சுவல் மெமரிய ஆஃப் பண்ணிருங்க. எழுதி எழுதி எஸ்எஸ்டி தேஞ்சு போயிரும். உங்களுக்குத்தான் 8 ஜிபி ராம் இருக்கே" என்றான். வர்ச்சுவல் மெமரிக்காக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் பேஜ் ஃபைல் இடத்தை அடைத்துக்கொள்ளும்; எனக்கும் சி டிரைவில் இடம் போதவில்லை. 'நோ பேஜிங் ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் கோளாறு தொடங்கியபோது இந்த மாற்றம் நினைவுக்கே வரவில்லை.

ஒவ்வொரு முறையும் நினைவகம் போதவில்லை என்ற எச்சரிக்கையோடுதான் மூடியது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் ராம் எழுபது சதவீதம்தான் காட்டியது. இரண்டு ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கும்போது நினைவகம் போதவில்லை என்று எப்படி வரும்? ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அதே கடையில் "ராம் போச்சு" என்று சொல்லிப் புதிது மாட்டி 1,900 ரூபாய் வாங்கினார்கள். மறுநாளே திரும்பவும் மூடியது.

நான் பார்க்கத் தவறியது அதே திரையில் கீழே இருக்கும் 'கமிட்டட்' என்ற எண். என் கணினியில் அது 7.6/7.8 ஜிபி என்று நின்றது. ஒரு நிரல் இடம் கேட்டால், அதை ராமிலோ பேஜ் ஃபைலிலோ வைக்க முடியும் என்று உறுதியானால்தான் விண்டோஸ் ஒப்புக்கொள்ளும். இரண்டும் சேர்ந்த தொகைதான் உச்சவரம்பு. வாங்கிய இடத்தை நிரல் தொடாமலே வைத்திருந்தாலும் கணக்கில் ஏறிவிடும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது போலத்தான். ஆள் வராவிட்டாலும் அந்தத் தேதி இன்னொருவருக்குக் கிடையாது. பேஜ் ஃபைலை எடுத்ததும் என் உச்சவரம்பு வெறும் ராமின் அளவுக்குச் சுருங்கியது. 12க்கு 36 அங்குலம், 300 டிபிஐ என்றால் முழு லேயர் ஒன்றுக்கே 116 எம்பி ஆகும். பின்னால் குரோமில் பத்து டேப் வேறு. ஈவென்ட் வியூவரில் 2004 என்ற எண்ணுடன் அந்த எச்சரிக்கை, எந்த நிரல் எவ்வளவு எடுத்தது என்ற விவரத்தோடு, வரிசையாகப் பதிவாகியிருந்தது.

எஸ்எஸ்டி தேயும் என்ற பேச்சையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் 240 ஜிபி எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர் தரும் எழுதும் வரம்பு 80 டெராபைட். நாளுக்குப் பத்து ஜிபி எழுதினாலும் இருபது வருடத்துக்கு மேல் வரும். பேஜ் ஃபைலில் எழுதுவதைவிடப் படிப்பது ஏறத்தாழ நாற்பது மடங்கு அதிகம் என்று மைக்ரோசாஃப்டே 2009-இல் சொல்லியிருக்கிறது. எஸ்எஸ்டியில் வைக்க மிகவும் ஏற்ற கோப்புகளில் அதுவும் ஒன்று என்றும் சொன்னது. அதை ஹார்ட் டிஸ்க்கான டி டிரைவுக்கு மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பார்த்தேன். ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போகவே திரை உறைந்து நின்றது.

சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. 'சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு', பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி 'அட்வான்ஸ்டு', 'சேஞ்ச்'. அளவைப் போட்டதும் 'செட்' பட்டனை அழுத்துங்கள். அதை விட்டுவிட்டு நேராக ஓகே கொடுத்தால் மாற்றம் ஏறாது. பிறகு ரீஸ்டார்ட்.

விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டுவிடு என்கிறார் என் மைத்துனர். சி டிரைவ் காலியாக இருப்பவர்களுக்கு அது சரி. நம்மைப் போல எப்போதும் நிறைந்து கிடந்தால், அவசரத்தில் பேஜ் ஃபைல் வளர இடமிருக்காது. ஆகவே தொடக்க அளவு 8192 எம்பி, உச்சம் 16384 என்று நானே வைத்திருக்கிறேன். ராமின் ஒன்றரை மடங்கு என்ற பழைய விதியைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வேலை உச்சத்தில் இருக்கும்போது கமிட்டட் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகை அதற்கு மேல் இருக்கும்படி வையுங்கள். போட்டோஷாப் தன் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் ஸ்க்ராட்ச் டிஸ்க் வேறு. அதற்கு இடம் கொடுத்தால் இது சரியாகாது. டிஸ்க்கில் இடம்தான் வேண்டுமென்றால் ஹைபர்னேட்டை நிறுத்துங்கள். எனக்கு மூன்று ஜிபிக்கு மேல் கிடைத்தது.

இந்தத் தை மாதம் பதினொரு ஆல்பம் முடித்தேன். ஒருமுறைகூட மூடவில்லை. போச்சு என்று கடையில் கழற்றிக் கொடுத்த ராமை மைத்துனர் வீட்டுக் கணினியில் மாட்டியிருக்கிறோம். அது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.