அரபு தெரியாமல் துபாய் அடுப்படியில்

ராசிபுரம், வேலூர் பக்கமிருந்து ஹோட்டல் வேலைக்கு வளைகுடா போக நினைக்கிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, “அரபு தெரியாம எப்படிங்ணா சமாளிச்சீங்க?” என்பதுதான். துபாயில் நான் பரோட்டா மாஸ்டராக இருந்த காலம் முழுக்க அடுப்படிக்குள் அரபு தேவைப்பட்டதே இல்லை. கராமா, பர் துபாய் பக்கத்து இந்திய ஹோட்டல்களில் மலையாளமும் இந்தியும்தான் ஓடும். மலையாளம் கொஞ்ச நாளில் காதில் ஏறிவிடும். இந்தியில் ஜல்தி (சீக்கிரம்), கம் (குறைவு), ஜியாதா (அதிகம்), பஸ் (போதும்), கூடவே எண்கள். இவற்றை ஊரிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். ‘பீச்சே’ என்று யாராவது கத்தினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி வருகிறது.

வேலை வாங்கித் தருவது கைதான். ட்ரையலில் என்னிடம் பேச்சே அதிகமில்லை, மைதாவைக் கொட்டிப் பிசையச் சொன்னார்கள். உருண்டைகளை ஒரே அளவாகப் பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடினேன். மாவு ஊறுகிற நேரத்தில் மேடையைத் துடைத்தேன். வீசியது கிழியவில்லை, கல்லிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் தட்டியதும் அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. அதற்குப் பிறகு சம்பளப் பேச்சுதான். போகிறதற்கு முன்னால் சேலத்திலோ நாமக்கல்லிலோ நன்றாக ஓடுகிற கடையில், சாயங்காலக் கூட்டத்தில் கல்லைப் பிடித்து நின்று பழகுங்கள். ‘எந்த வேலைன்னாலும் செய்வேன்’ என்று போகிறவரைப் பாத்திரம் கழுவத்தான் நிறுத்துவார்கள்.

பெரிய அடுப்படிகளில் வெட்டுப்பலகைக்கு நிறம் உண்டு. சிவப்பு சமைக்காத இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை காய்கறிக்கு. முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஷை தெரியாமல் நம் ஆட்கள் அடிபடுவது கையெழுத்துப் போடும் இடத்தில். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். அமீரகத்தில் 2016 முதல் வேலைக்கான ஆஃபர் லெட்டர் அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. கூச்சப்படாமல் தமிழில் கேளுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள், வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற கிராஜுவிட்டி அதை வைத்துத்தான் கணக்கு. என்னோடு தங்கியிருந்த ஆத்தூர்க்காரர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியை அலவன்ஸ் என்று எழுதியிருந்தார்கள். ஊர் திரும்பும்போது அவர் எதிர்பார்த்ததில் பாதிகூடக் கைக்கு வரவில்லை.

ஏஜென்ட்டின் லைசென்ஸை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. “விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக இமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். அதோடு எடுக்கிற பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்துக் காப்பீடு 10 லட்சம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. அங்கேயும் பதிந்து வையுங்கள்.

சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்களுக்கு நம் நாட்டுச் சமையல்காரர்களை ஒர்க் பெர்மிட்டில் எடுக்கிறார்கள், மாதம் குறைந்தது 2,000 வெள்ளி. தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால் பேச்சுக்குக் கவலையில்லை. காகிதத்தை அங்கேயும் படித்துத்தான் ஆக வேண்டும்.

பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்து வைக்காதீர்கள். எல்லாக் காகிதத்தையும் படம் பிடித்து, விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.