மறைந்த படைவீரர்க்குச் செய்யும் மரியாதை

நாட்டின் படைகளிற் பணியாற்றி மறைந்தோரின் குடும்பத்தார்க்கு உரிய மரியாதைகள் யாவை, அவற்றின்பொருட்டு ஊராட்சி மன்றத்தார் ஆற்றக்கூடிய பணி யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

வீரனுக்குக் கல் நாட்டுதல் நமக்குப் புதிய வழக்கமன்று. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்டவன் ஒருவனது பெயரை இன்றும் காட்டி நிற்கின்றது. இதற்கு மாறாக, முதல் உலகப் போருக்குப்பின் தமிழகத்தின் சில ஊர்களில் ஆங்கில அரசினர் பதித்த பலகைகளைப் பாருங்கள். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்னும் கணக்கு மட்டுமே அவற்றில் உண்டு. மாடு காத்து மடிந்தவனுக்குப் பெயர் கிடைத்தது; கடல் கடந்து மடிந்தவனுக்கு எண்ணே கிடைத்தது.

புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகம் அவ்வாறன்று. சுதந்திரத்திற்குப்பின் கடமையில் உயிர் நீத்த இருபத்தையாயிரத்திற்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கருங்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. 2023 ஆகஸ்டில் நாடெங்கும் ஊராட்சிகளிலும் வீரர் நினைவுப் பலகைகள் நாட்டும் இயக்கம் நடைபெற்றது. உங்கள் ஊரிற் பலகை இருப்பின், அதிலுள்ள பெயரையும் தந்தை பெயரையும் படைவிலகற் சான்றோடு, அதாவது நம்மவர் டிஸ்சார்ஜ் புத்தகம் என்று வழங்கும் ஏட்டோடு, ஒருமுறை ஒத்துப் பாருங்கள். கல்லில் ஏறிய பிழையைத் திருத்துவது எளிதன்று.

கொடியைப் பற்றி ஒரு சொல். ஓய்வுபெற்று ஊரில் வாழ்ந்த படைவீரர் காலமாகும்போது, அன்பின் மிகுதியால் தேசியக் கொடியை வாங்கிவந்து உடல்மீது போர்த்த இளைஞர் முற்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அரசு மரியாதையோடும் படை மரியாதையோடும் நடைபெறும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடி போர்த்தலாம். ஏனைய இடங்களில் அது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். முறைப்படி போர்த்தும்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருத்தல் வேண்டும். கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் இடவோ கூடாது. ஆகவே, மரணம் நேர்ந்தவுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்குச் செய்தி அனுப்புவதே முறையாகும்.

இனி, குடும்ப ஓய்வூதியம். இதனையும் மரியாதையாகவே நாம் கருதுகிறோம். சாதாரண முறையில் மறைந்தவரின் மனைவிக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடும், பணியின் காரணமாக இறந்தவரின் மனைவிக்கு 60 விழுக்காடும், போரில் மடிந்தவரின் மனைவிக்கு முழு ஊதியமும் கணக்கிடப்படும். வீர விருது பெற்றவராயின் அதற்குரிய மாதப்படியும் மனைவிக்குத் தொடரும்.

விதி தெளிவாக இருக்கின்றது, ஏடுகளோ அவ்வாறில்லை. நம் ஒன்றியத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் காலமானார். படைப் பதிவேட்டில் அவர் மனைவிக்குப் பிறந்த வீட்டில் அழைத்த பெயர். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் வேறு பெயர். பதினொரு மாதம் ஓய்வூதியம் நின்றது. அவ்வம்மையார் கறவை மாடு ஒன்றை விற்றுக் காலந் தள்ளினார். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்னும் சான்று பெற்று, ஆவணப் பிரிவுக்கு அனுப்பிய பின்னரே நிலுவையுடன் பணம் வந்தது. அப்பெரியவர் நம் கூட்டங்களுக்குத் தவறாது வந்தவர். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவரிடம், வீட்டிலுள்ளோர் பெயர் ஏட்டில் சரியாக உள்ளதா என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை.

கணவர் உயிரோடிருக்கும்போது இத்திருத்தத்தை அவரே ஒரு விண்ணப்பத்தால் முடித்துக்கொள்ளலாம். மனைவியின் பெயரும் பிறந்த நாளும் ஓய்வூதிய ஆணையில் ஏறியிருத்தல் வேண்டும். திருமணமாகாத மகளும் உடல் ஊனமுற்ற பிள்ளையும் இருப்பின் அவர்கள் விவரமும் பதிவாதல் வேண்டும். மரணத்தை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்க. அச்சான்றில் எழுதப்படும் பெயர் ஓய்வூதிய ஆணையிலுள்ள பெயராகவே அமையட்டும்.

அடுத்த ஜனவரி 26 கிராம சபைக்கு முன்னாள் படைவீரர் அனைவரும் தத்தம் ஏடுகளுடன் வரவேண்டுமென்று அவ்வூரில் தண்டோரா போடச் செய்தோம். ஒன்பது பேர் வந்தனர். மூவருடைய ஏட்டில் மனைவியின் பெயர் பிழையாக இருந்தது. ஒருவருடையதில் பெயரே இல்லை. நான்கு விண்ணப்பங்களும் மறுநாட் காலையே மாவட்ட அலுவலகத்திற்கு அனுப்பப்பெற்றன.