பழுதான ஸ்விட்சும் அதன் அமைப்புக் கோப்பும்

ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களின் ஒரு மூலையில், சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் சிறு பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கக் காணலாம். அங்குள்ள சாதனத்திற்கு ஸ்விட்ச் என்று பெயர். இது விளக்கேற்றும் ஸ்விட்ச் அன்று. அலுவலகத்துக் கணிப்பொறிகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்திகளைப் பிரித்து அனுப்புவது. 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு அங்கீகரித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின் வாயிலாகக் கண்ணாடி இழைக் கம்பி கிராமத்தை நோக்கி வந்துள்ளது. 2020-ஆம் ஆண்டு முதல் ஊராட்சிக் கணக்குகளுக்கென இ-கிராம் ஸ்வராஜ் என்ற இணைய ஏற்பாடும் உள்ளது. ஆகவே, ஸ்விட்ச் நின்றுவிட்டால் பில் பட்டுவாடா நிற்கும். சிட்டா நகலுக்கு வந்தவர் திரும்பிப் போவார். பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளாக இருப்பின் விவசாயியின் அந்தப் பருவத்துப் பாதுகாப்பே கைநழுவும்.

இடியினாலோ, மின்னழுத்த ஏற்றத்தாழ்வினாலோ, தூசியும் வெப்பமும் சேர்ந்தோ இச்சாதனம் என்றேனும் பழுதாகத்தான் செய்யும். புதியது வாங்குவது பணத்தைப் பொறுத்த காரியம். ஆனால் புதிய ஸ்விட்சைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகிய மாத்திரத்தில் வேலை பழையபடி நடந்துவிடும் என்று நினைப்பது தவறு. ஏன் என்பதை விளக்குவோம்.

ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டியின் வேலையை நாம் அறிவோம். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலின் நீர் எந்த வாய்க்காலோடு கலக்கலாகாது என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். அவர் போய்ப் புதியவர் வந்தால் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. முறை சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்விட்சும் அப்படியே. 24 துளைகள் உள்ள ஒரு ஸ்விட்சில் 1 முதல் 8 வரை கணக்குப் பிரிவு, 9 முதல் 16 வரை பொறியியல் பிரிவு, 17 முதல் 20 வரை கண்காணிப்புக் காமிராக்கள், 24-இல் வெளியிணைப்பு என்று வகுத்திருப்பர். ஒரே பெட்டிக்குள் தனித்தனி வாய்க்கால்களாக ஓடும் இப்பிரிவுகளை வி.லான் என்பர். இவற்றோடு சாதனத்தின் முகவரி, கடவுச்சொல் முதலியனவும் சேர்ந்ததே அமைப்பு. சாதனம் இரும்பும் பிளாஸ்டிக்கும். அமைப்பே அதன் அறிவு.

இந்த அமைப்பு பல சாதனங்களில் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, அப்போது நடப்பிலுள்ள நினைவு. மின்சாரம் போனால் அழிந்துவிடும். மற்றது நிலையான நினைவு. மாறுதல் செய்தவர் அதை நிலையான நினைவில் சேமிக்க மறந்தால் அன்றைக்கு எல்லாம் சரியாகவே நடக்கும். பல மாதங்கள் கழித்து ஒரு மின்தடை வரும்போது மாறுதல் மறைந்துபோகும். காரணம் தெரியாமல் அனைவரும் திகைப்பர்.

இரண்டு நினைவுகளும் சாதனத்துக்குள்ளேயே இருப்பதால், சாதனம் எரிந்தால் இரண்டும் பயனற்றுப்போம். எனவே வெளியே ஒரு படி இருந்தே ஆகவேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பராமரிப்பு ஒப்பந்தத்தில், ஒவ்வொரு மாறுதலுக்கும் பின் அமைப்புக் கோப்பின் படியைத் தேதியிட்டு அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரின் மடிக்கணிப்பொறியில் மட்டும் இருக்கும் படி நம்முடையது ஆகாது. அதில் கடவுச்சொற்கள் எளிதில் அவிழ்க்கத்தக்க வடிவில் இருக்கக்கூடுமாதலால் மேஜை மேல் போட்டுவைக்காமல் பூட்டில் வைப்பது அவசியம். எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்ற அட்டவணையைக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடலாம். இதற்குச் செலவே இல்லை. கண்ணாடி இழை வலையமைப்பின் சொந்தச் சாதனங்களை மட்டும் நாம் தொடலாகாது. அவை அதை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு.

மீட்கும் முறை

கூடியமட்டும் அதே மாதிரிச் சாதனமும் அதே மென்பொருட் பதிப்பும் இருத்தல் நன்று. மாதிரி வேறானால் துளைகளின் பெயர்கள் மாறும். கோப்பின் வரிகள் பொருந்தா. முதலில் வலையில் இணைக்காமல் மேஜைமேல் தனியே வைத்து, கன்சோல் கம்பியால் கணிப்பொறியோடு இணைக்க வேண்டும்.

வேறோர் அலுவலகத்தில் பயன்பட்ட ஸ்விட்சை இரவல் வாங்கி வைப்பதில் பெரிய அபாயம் ஒன்றுண்டு. சிஸ்கோ சாதனங்களில் வி.டி.பி. என்றொரு முறை உளது. பட்டியல் மாறுந்தோறும் அதில் ஒரு திருத்த எண் ஏறும். வந்த ஸ்விட்சின் வி.டி.பி. பெயரும் கடவுச்சொல்லும் நம்முடையவற்றோடு ஒத்து, திருத்த எண்ணும் மிகுந்திருந்தால், முதல் இரு பதிப்புகளில், அதன் பட்டியலையே மற்ற ஸ்விட்சுகள் ஏற்றுக்கொண்டு தம்முடையதை அழித்துவிடும். ஒன்றைப் பழுதுபார்க்கப் போய் முழு அலுவலகமும் ஸ்தம்பிக்கும். அமைப்புக் கோப்பை மட்டும் அழிப்பது இதற்குப் பரிகாரம் ஆகாது. வி.லான் பட்டியல் தனிக்கோப்பாக இருப்பதால் அதையும் அழித்துச் சாதனத்தை மறுபடி இயக்கவேண்டும்.

அதன்பின் நமது படியை நிலையான நினைவில் ஏற்றி மறுபடி இயக்குவதே சுத்தமான வழி. நடப்பு நினைவில் ஏற்றினால் பழைய வரிகள் நீங்காமல் புதியவற்றோடு கலந்துவிடும்.

கோப்பில் வாராதவை சில உள. வி.லான் பட்டியல் கோப்பில் இல்லாதிருப்பின் கையால் மறுபடி எழுத வேண்டும். தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைவதற்கான எஸ்.எஸ்.எச். சாவிகள் கோப்பில் இருப்பதில்லை; அவற்றைப் புதிதாக உண்டாக்குவது அவசியம். "எல்லாம் ஏற்றியாயிற்று, ஆனால் உள்ளே போக முடியவில்லை" என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே.

கம்பிகளை அட்டவணைப்படி செருகி, வெளியிணைப்பைக் கடைசியில் இணைப்பது முறை. மேலே உள்ள சாதனம் பழைய ஸ்விட்சின் மேக் முகவரியை மட்டுமே அனுமதிக்குமாறு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் புதியதை அது ஏற்காது. அங்குள்ளவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். காமிராக்களுக்குக் கம்பி வழியாகவே மின்சாரம் தருவதாயின், புதிய ஸ்விட்சின் மொத்த மின்திறன் போதுமா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பிறகு ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கணிப்பொறியை இயக்கிப் பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவிலிருந்து காமிராக்களை அடைய முடிந்தால், பிரிவுகள் கலந்துவிட்டனவா என்று ஐயுற வேண்டும். யாவும் சரியெனில் சேமித்து, ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டு, அமைப்பு நிலைக்கிறதா என்று காண்பது நல்லது. உடனே புதிய படியொன்றும் எடுத்துவிட வேண்டும்.

எரிந்த ஸ்விட்சினுள் நமது கடவுச்சொற்கள் இன்னும் இருக்கக்கூடும். இயங்கும் நிலையிலிருந்தால் அழித்துவிட்டும், இயங்காவிடில் நினைவுச் சில்லை உடைத்தும், 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டு விற்கலாகாது. சரக்குப் பதிவேட்டில் பழைய சாதனத்தின் வரிசை எண்ணை நீக்கிப் புதியதைப் பதிவதும் அன்றே முடிய வேண்டிய வேலை.