சின்னக் கடல்மீன் தொட்டி: வடிகட்டலும் நீரோட்டமும்

காஞ்சிபுரம் போல் கடல் இல்லாத ஊரில், 100 லிட்டர் தொட்டிக்கு:

1. ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம், ஆர்.ஓ. நீரில் மீன்தொட்டிக்கான கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 வரும்வரை சரிபார்க்கவும். சமையல் உப்பில் கால்சியமும் மக்னீசியமும் போதாது.

2. வடிகட்டியில் முதலில் பஞ்சு, அடுத்துப் பீங்கான் வளையங்கள் வைக்கவும். பஞ்சு கழிவைப் பிடிக்கும். வளையங்களில் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். பஞ்சை வாரம் ஒருமுறை அலசவும். வளையங்களைக் குழாய்நீரில் கழுவ வேண்டாம். குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். சுத்தம் அதிகமானால்தான் பல தொட்டிகள் கெடுகின்றன.

3. தொட்டியில் வைக்கக் கடற்கரையில் பவளப்பாறை பொறுக்க வேண்டாம். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

4. மணிக்கு 1,000 முதல் 2,000 லிட்டர் தள்ளும் மோட்டாரை, மேற்பரப்பு சலசலக்கும்படி சாய்த்துப் பொருத்தவும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். சித்திரை வெயிலில் அந்தச் சலசலப்பு கட்டாயம்.

5. மின்தடைக்குப் பேட்டரி ஏர் பம்ப் வைத்திருக்கவும்.

6. தொட்டி 4 முதல் 6 வாரம் ஓடி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வாங்கச் சென்னை கொளத்தூருக்குப் போகவும். அதற்குமுன் விட்டால் அம்மோனியா செவுளை அரிக்கும்.