எண் உண்டு, பெயர் இல்லை

எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலாக 1986-ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. அக்கிருமி எத்தனை பேரைப் பற்றியுள்ளது என்பதை அரசாங்கம் எவ்வாறு அறிகிறது என்னும் ஐயம் பஞ்சாயத்துக் கூட்டங்களில் எழுவதுண்டு.

நெல் மகசூலை அறிய எல்லா வயல்களையும் அறுத்து நிறுப்பதில்லை என்பதை விவசாயிகள் அறிவார்கள். ஐந்து மீட்டர் சதுரமுள்ள துண்டுகள் சிலவற்றை அறுத்தே விளைச்சலைக் கணக்கிடுகிறோம். இங்கும் அம்முறையே. 1998 முதல் நாடெங்கும் குறிப்பிட்ட மருத்துவமனைகளில், வேறு சோதனைக்காகக் கர்ப்பிணிகளிடம் எடுத்த இரத்தத்தில் எஞ்சியது இதற்குப் பயன்பட்டது. மையத்திற்கு 400 பேர்; வந்த வரிசைப்படியே கொள்ளவேண்டும், ஆளைப் பொறுக்கலாகாது. பெயர்ச் சீட்டு நீக்கப்பட்டு, வயது, கல்வி, தொழில் போன்ற குறிப்புகளே உடன் சென்றன.

ஆயினும், தலைமடை வயலை மட்டும் அறுத்துத் தாலுகா முழுவதற்கும் கணக்கெழுதினால் கடைமடைக்காரர் ஒப்புவாரா? 2006-இல் வெளியான மதிப்பீடு 52 லட்சம் பேர் என்றது. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்விலோ, வீடுகளிலிருந்தே ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. 15 முதல் 49 வயதுடையோரில் 0.28 சதவீதத்தினரிடமே கிருமி காணப்பட்டது. மருத்துவமனைக்கு வருவோர் ஊர் முழுவதற்கும் சரியான மாதிரியல்லர் என்பது இதனால் தெளிவாயிற்று. 2007-இல் மதிப்பீடு சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. நோய் பாதியாகக் குறைந்ததென்று இதற்குப் பொருளில்லை; அளவுகோல் திருந்திற்று. முந்தைய ஆண்டுகளின் கணக்கையும் புதுமுறைப்படி மாற்றியமைத்தனர். இல்லாவிடில் ஒரே ஆண்டில் பெருவெற்றி கண்டோமென்று எவரேனும் விழா எடுத்திருக்கக்கூடும்!

நம்பிக்கை மையங்களில் சோதித்துக்கொண்டோரின் கணக்கு வேறு. முகாம் நடந்த மாதத்தில் அவ்வெண் உயர்ந்தால், மறைந்திருந்தது வெளிப்பட்டது என்றும் பொருள்படும். நோய் பெருகிற்றென உடனே பதறலாகாது.

“நம் ஊரில் யார் யார்?” என்று கேட்கும் உறுப்பினர்களும் உளர். நல்லெண்ணத்துடனேயே கேட்கின்றனர். எனினும் அப்பட்டியல் பஞ்சாயத்துக்கு உரியதன்று. 2017-இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் இவ்விவரங்களைக் காக்கிறது. சிற்றூரில் “ஒருவர்” என்னும் எண்ணே பெயரைச் சொல்லிவிடும். பட்டியல் கசியுமென்று அஞ்சும் கர்ப்பிணி சோதனைக்கு வாராள். அவள் வாராவிடில் கணக்கில் ஓர் எண் குறையும். குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தும் அவளுக்கு உரிய காலத்தில் கிட்டாமற் போகும்.