மெல்லும் வாயும் கற்கும் மூளையும்

செரிமான மண்டலப் பாடத்தில் வாய்க்குக் கிடைக்கும் இடம் சிறியது. நான்கு வகைப் பற்கள், உமிழ்நீர், அமைலேஸ் நொதி, அவ்வளவுதான். உணவுக்குழலில் இறங்கிய பிறகுதான் பாடம் சூடுபிடிக்கும். ஆனால் மெல்லுதல் செரிமானத்தோடு நின்றுவிடும் செயல் அல்ல. மூளைக்கும் அதில் பங்கு உண்டு. இந்தத் தொடர்பு பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. அதில் எதை நம்பி வகுப்பில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, மதிய உணவு வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இதனால் என்ன பயன் என்பவற்றைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பாடத்தை மாணவர்களின் விரல்களிலிருந்து தொடங்குவது வழக்கம். இரண்டு விரல்களை நெற்றிப் பொட்டின் மேல் வைத்துக்கொண்டு, எதையோ மெல்வதுபோல் வாயை அசைக்கச் சொல்வேன். பொட்டுக்கு அடியில் தசை புடைத்து அடங்கும். "டீச்சர், இங்கேயும் அசையுது!" என்று வகுப்பே கூவும். கன்னத்தில் உள்ள மாசீட்டர் தசை, பொட்டில் உள்ள டெம்போராலிஸ் தசை, தாடைக்கு உட்புறம் இருக்கும் இரு தசைகள் ஆகியவையே மெல்லுவதற்கான முதன்மைத் தசைகள். இவற்றை இயக்குவது ஐந்தாவது மூளை நரம்பு. பல்லின் வேரைச் சுற்றியுள்ள உணர்வு நுனிகள், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு கடினம் என்ற செய்தியை இதே நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. சோற்றில் சிறு கல் அகப்பட்டதும் தாடை சட்டென்று நின்றுவிடுவது இதனால்தான். கட்டளை போவதும் செய்தி வருவதும் ஒவ்வொரு மெல்லலிலும் நடக்கிறது.

மெல்லும்போது மூளைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. எம்.ஆர்.ஐ. படங்களில் இயக்கத்துக்கும் உணர்வுக்கும் உரிய பகுதிகளோடு தலாமஸ், சிறுமூளை ஆகியவையும் அப்போது சுறுசுறுப்பாவதைக் கண்டிருக்கிறார்கள். இதுவரை ஐயமில்லை.

அடுத்த படியில்தான் நிதானம் வேண்டும். ஜப்பானில் எலிகளைக் கொண்டு பல ஆய்வுகள் நடந்துள்ளன. வளரும் பருவத்தில் மாவுபோன்ற உணவு மட்டும் தரப்பட்ட எலிகளும், கடைவாய்ப்பற்கள் நீக்கப்பட்ட எலிகளும், கடினமான உணவை மென்று வளர்ந்தவற்றைவிட நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கின. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் மாற்றங்கள் தெரிந்தன. ஆனால் வாழ்நாள் முழுக்க மாவு மட்டும் தின்ற எலியின் கதையை, காலையில் உப்புமாவும் மதியம் சோறும் முட்டையும் சாப்பிடும் பிள்ளைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சூயிங்கம்மை வைத்து நடந்தவை. 2002-இல் இங்கிலாந்தின் நார்த்தம்பிரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூயிங்கம் மென்றவர்களுக்குச் சொற்கள் கூடுதலாக நினைவில் நின்றன என்றார்கள். 2004-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதேபோல் சோதித்தபோது நினைவாற்றலில் அந்தப் பயன் தென்படவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 13 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களிடம், கணித வகுப்பில் சூயிங்கம் மெல்ல அனுமதித்து 14 வாரங்கள் பார்த்தார்கள். மாநிலத் தேர்வு மதிப்பெண்ணில் சிறிதளவு உயர்வு. இன்னொரு கணிதச் சோதனையில் வேறுபாடே இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது சூயிங்கம் தயாரிக்கும் ரிக்லி நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு. செய்தித்தாளில் "மென்றால் மதிப்பெண் கூடும்" என்று பார்த்துவிட்டு மாணவர் கேட்டால், இந்தக் கடைசி வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். செய்தியை எடைபோடுவதற்கு நல்ல பாடம் அது.

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்ற பழமொழியையும் நான் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துகிறேன். அதே நம் ஊர்களில்தான் கேழ்வரகுக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதே முறை என்று பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள்!

என் கவனம் போவது வேறு பக்கம். நன்றாக மென்றால் எவ்வளவு புத்தி வளரும் என்று அளப்பதைவிட, மெல்ல முடியாத குழந்தை யார் என்று கண்டுபிடிப்பது நம் கைக்கு எட்டியது. உணவுக் கூடத்தில் அதற்குச் சிறந்த நாள் கொண்டைக்கடலை தரும் நாள். சோறும் சாம்பாரும் எதையும் காட்டிக்கொடுக்காது. கடலை வந்தால் தெரிந்துவிடும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்பவர், முழுதாக விழுங்கித் தண்ணீர் குடிப்பவர், பக்கத்து இலைக்கு மெதுவாகத் தள்ளிவிடுபவர்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்படித் தள்ளிவிடுவாள். பிற்பகல் வகுப்பில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். மந்தமான பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தாள். கேட்டபோது, "அந்தப் பக்கம் கடிச்சா சுருக்குன்னு இழுக்குது டீச்சர். ராத்திரியும் வலிக்கும்" என்றாள். கீழ்க்கடைவாய்ப்பல்லில் கருங்குழி. அம்மாவை வரச்சொன்னேன். "பால் பல்லுதானே டீச்சர், விழுந்து முளைச்சிடும்" என்றார். அது பால் பல் அல்ல, நிலைத்த பல்.

பல பெற்றோர் நினைப்பது இப்படித்தான். முதல் நிலைத்த கடைவாய்ப்பல் ஏறத்தாழ 6 வயதில், பால் பற்களுக்குப் பின்னால் காலியாக இருக்கும் இடத்தில் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலேயே வருவதால் யாரும் கவனிப்பதில்லை. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. மிட்டாயும் பிஸ்கட்டும் அதில் தங்கினால் சொத்தை எளிதில் பிடிக்கும். உணவை அரைப்பதில் முக்கியமான பல் இது. போனால் மறுபடி முளைக்காது.

இரவில் வலியால் தூங்காத, ஒரு பக்கம் மட்டுமே மென்று அரைவயிறு சாப்பிடுகிற பிள்ளை வகுப்பில் கவனமாக இருப்பது கடினம் என்பதற்கு எலிச் சோதனை தேவையில்லை. அந்தச் சிறுமிக்கு அரசு மருத்துவமனையில் பல் அடைத்தார்கள். மதிப்பெண் ஏறிவிட்டது என்று சொல்லமாட்டேன். கன்னத்திலிருந்து கை இறங்கிவிட்டது. கடலையையும் அவளே சாப்பிடுகிறாள்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது பார்க்கவேண்டிய குறைகளில் பல் சொத்தையும் ஒன்று. ஆனால் குழு வரும் நாளில் பிள்ளைகள் வரிசையாக வேகமாக நகர்வார்கள். வலியைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஆகவே உணவு நேரத்தில் கவனித்த பெயர்களை வகுப்பு ஆசிரியர் முன்னரே குறித்துவைத்துக் குழுவிடம் கொடுப்பது நல்லது. அன்று விடுப்பெடுத்தவர் பெயரும் அதில் இருக்கட்டும்.

1 முதல் 3 வகுப்பு வரை கற்பிப்பவர்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு இந்தப் பல்லைக் காட்டிவிடலாம். முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். பல் விழுந்த இடைவெளியையும் ஓர் எண்ணாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறாவதாக வருவதுதான் அது. மேலே இரண்டு, கீழே இரண்டு. ஆறு வயதில் ஆறாவது பல் என்று சொன்னால் பாட்டிமார்கூட மறப்பதில்லை.