சி லேப்பைப் பைத்தானுக்கு மாற்றப் போறீங்களா?



நான் கணிப்பொறித் துறை மூன்றாமாண்டு மாணவன். நாங்கள் சி மொழியில் செய்த ஆரம்ப லேப் பயிற்சிகளையே ஜூனியர்கள் பைத்தானில் செய்ய வேண்டி வந்தது. "அண்ணே, உங்க ரெக்கார்டைக் கொஞ்சம் பைத்தானுக்கு மாத்திக் குடுங்க" என்று கேட்டார்கள். ரெண்டு மொழியும் தெரியும், அப்புறம் என்ன? ஒரே ராத்திரியில் பத்துப் பயிற்சிகளை வரிக்கு வரி மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவுட்புட்டைப் பழைய ரெக்கார்டிலிருந்து அப்படியே எழுதிவிட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை.

செய்முறைத் தேர்வில் ஒரு தம்பிக்கு வந்த கேள்வி, ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுவது. 123 கொடுத்தால் 6 வர வேண்டும். திரையில் வந்ததோ 6.666 என்று ஒரு நீண்ட தசமம்! ரெக்கார்டில் மட்டும் 6 என்று இருந்தது. "இந்த 6 எங்கேயிருந்து வந்தது?" என்று தேர்வாளர் கேட்க, தம்பியிடம் பதில் இல்லை. வெளியே வந்து, "உங்களை நம்பித்தானே அண்ணே எழுதினேன்" என்றான். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

தப்பு எங்கே? சி-யில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமப் பகுதி விழுந்துவிடும். 10-ஆல் வகுக்க வகுக்க 123, 12, 1, 0 என்று லூப் நின்றுவிடும். பைத்தான் 3-இல் ஒற்றைச் சாய்கோடு போட்டால் 123, 12.3, 1.23, 0.123 என்று போய்க்கொண்டே இருக்கும். லூப் நூற்றுக்கணக்கான தடவை சுற்றி, ஒவ்வொரு தடவையும் துளித்துளியாகக் கூட்டும். அதற்கு இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். 2008-இல் பைத்தான் 3 வருவதற்கு முன் ஒற்றைச் சாய்கோடே முழு எண்ணைத் தந்தது. ஆகவே பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினாலும் இதே கதிதான். இன்னொன்று: மைனஸ் 7-ஐ 2-ஆல் வகுத்தால் சி தருவது மைனஸ் 3, பைத்தானின் இரட்டைச் சாய்கோடு தருவது மைனஸ் 4.

உள்ளீட்டிலும் கவனம் வேண்டும். பைத்தான் 3-இல் இன்புட் வாங்கினால் வருவது எழுத்துச்சரம். எண்ணாக மாற்றாமல் 5-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 8 வராது, 53 வரும்!

இவையெல்லாம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவுட்புட் சரியாக வந்தும் பாடம் காணாமல் போகிற பயிற்சிகள் உண்டு. அதுதான் பெரிய ஆபத்து.

ஃபேக்டோரியல் பயிற்சியைப் பாருங்கள். 32 பிட் முழு எண்ணில் 12 வரை சரியாக வரும். 13-க்கு விடை 622 கோடியைத் தாண்டுவதால் தப்பாகிவிடும். மாறிக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்பதை நாங்கள் அங்கேதான் கற்றோம். பைத்தானில் 13 என்ன, 50 கொடுத்தாலும் சரியான விடை வரும். பாடம் போச்சு!

இரண்டு எண்களை இடம் மாற்றுகிற பயிற்சியும் அப்படித்தான். சி-யில் அது பாயிண்டரைப் புரியவைக்க வந்தது. பைத்தானில் ஒரே வரியில் முடிந்துவிடும், ஒன்றும் புரியாமலே. அதற்குப் பதிலாக, ஃபங்ஷனுக்கு ஓர் எண்ணை அனுப்பி உள்ளே மாற்றுங்கள், வெளியே மாறாது. பிறகு ஒரு லிஸ்ட்டை அனுப்பி அதன் உறுப்புகளை இடம் மாற்றுங்கள், வெளியிலும் மாறியிருக்கும். ஏன் என்று யோசித்தால் பழைய பாடம் திரும்பக் கிடைக்கும்.

ஆகவே, மாற்றப் போகிறவர்கள் மூன்றே காரியம் செய்யுங்கள்:

1. இந்தப் பயிற்சி எதைக் கற்பிக்க வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.
2. புதிய மொழியிலும் அதையே கற்பிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயிற்சியையே மாற்றுங்கள்.
3. பூஜ்யம், மைனஸ் எண், பெரிய எண் மூன்றும் கொடுத்து ஓட்டிப் பார்த்து, வந்த அவுட்புட்டை மட்டும் எழுதுங்கள்.

அந்தத் தம்பியும் நானும் பத்துப் பயிற்சிகளையும் முதலிலிருந்து சேர்ந்து செய்தோம். இந்த முறை அவன் கீபோர்டில், நான் பக்கத்தில். என் பழைய ரெக்கார்டை இனி யாரும் கேட்காதீங்க. சந்தேகம் இருந்தா லேப்புக்கு வாங்க, உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்போம்.